கரை இறங்காத அக்கா

எங்கே கூட்டிக்கொண்டு போனாலும் வண்டியை விட்டு இறங்காத ஒருத்தியோடு கிட்டத்தட்ட இருபது வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். என் கணவரின் அக்கா. அதனால் எனக்கும் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ட்ரங்க் கால் போட்டுக் கொடுக்கும் வேலை. பம்பாயில் ஒருவர் கத்துவதையும் கோயமுத்தூரில் ஒருவர் கத்துவதையும் பகல் முழுக்கக் காதில் வாங்கிவிட்டு, சாயங்காலம் மந்தைவெளியில் எங்கள் வீட்டுக்கு வந்து நான் கத்துவதைக் கேட்பாள்.

நான் கத்துகிறேன் என்பது அப்போது எனக்குத் தெரியாது. கலகலப்பாக இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சமயம் கும்பகோணத்துப் பக்கம் நவக்கிரகக் கோயில்களுக்கு வேன் எடுத்துக்கொண்டு போனோம். முதல் இரண்டு கோயிலுக்கு அக்கா இறங்கினாள். மூன்றாவதில் கதவைத் திறந்துகொண்டு எல்லோரும் குதித்தபோது, காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, “நீங்கள்லாம் போயிட்டு வாங்கோ. எனக்கும் சேர்த்து ஒரு நமஸ்காரம் பண்ணிடு” என்றாள். அப்புறம் ஒரு கோயிலுக்கும் இறங்கவில்லை. சனீஸ்வரனைக்கூட வேன் ஜன்னல் வழியாகவே தாண்டிவிட்டாள். எனக்குத்தான் பதறியது. அவள் பங்குக்கும் சேர்த்துப் பிரதட்சணம் செய்கிறேன் என்று வெயிலில் வெறுங்காலோடு சுற்றி, மயக்கம் வந்து, என்னைக் கைத்தாங்கலாக வேனுக்குக் கொண்டுவந்தார்கள். அக்காதான் தண்ணீர் கொடுத்து விசிறிவிட்டாள். முகத்தில் ஒரு பாவமும் இல்லை.

தீபாவளித் துணிக்குத் தியாகராய நகர் போனாலும் அதே கதை. பனகல் பார்க் ஓரமாக டாக்ஸியை நிறுத்தச் சொல்லி, நானும் என் பெண்ணும் கூட்டத்துக்குள் பாய்வோம். அக்கா பின்சீட்டிலேயே இருப்பாள்.

“அக்கா, உங்க புடவையை நீங்கதானே பாத்து எடுக்கணும்?”

“நீ எடுத்துண்டு வா. கட்டிக்கறேன்.”

ஒரு தடவை டாக்ஸி டிரைவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, “இன்னாமா, அந்தம்மா இறங்காம குந்திகினே கீது? உடம்பு கிடம்பு சரியில்லியா? டீ வாங்கியாரட்டுமானு கேட்டேன், நீ போய் துன்னுட்டு மெதுவா வா நைனான்னுச்சு” என்றார். அக்கா எக்ஸ்சேஞ்சில் கற்ற பாஷை அது. எங்களிடம் அதைப் பேசவே மாட்டாள்.

நான் எடுத்துக்கொண்டு வரும் புடவைகளைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஒரு வருஷம் அழுகின கத்திரிக்காய் நிறத்தில் ஒன்று எடுத்தேன். கடை விளக்கில் அது வேறு மாதிரி தெரிந்தது. அக்கா அதையும் வாங்கி, பிரித்துப் பார்த்து, “நன்னாருக்கு” என்று உடுத்திக்கொண்டு ஆபீஸுக்குப் போனாள். மாற்றிக் கொடுங்கள் என்று கேட்கவில்லை. கேட்டால் மறுபடி கடைக்கு வர வேண்டியிருக்குமே என்று இப்போது தோன்றுகிறது.

எங்கள் வீட்டில் இரண்டு அறை, ஒரு கூடம். ஒரு அறை எங்களுக்கு. இன்னொன்றில் என் பெண்ணும் அவள் புத்தகங்களும். அக்காவுக்குக் கூடம். கேபிள் டிவி வந்த புதிது. சாயங்காலம் ஆனால் மாடி வீட்டுக்காரர்கள், எதிர் வீட்டுக்காரர்கள், அவர்கள் வீட்டு விருந்தாளிகள் எல்லோரும் எங்கள் கூடத்தில்தான். எல்லோரும் எழுந்து போய், டிவியை அணைத்த பிறகுதான் அக்கா சுவரோரம் மடித்து வைத்த கட்டிலை விரிக்க முடியும். அதுவரை அதே கூடத்தில் ஒரு மூலையில், பிளாஸ்டிக் நாற்காலியில், யாரோ ஒருத்தர் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அதற்கு முன்னால், அவள் பிறந்து வளர்ந்த வீட்டிலும் ஏழெட்டுப் பேருக்கு ஒரே அறைதானாம்.

இதிலெல்லாம் எனக்கு ஒரு பெருமை இருந்தது. மற்ற வீடுகளில் கல்யாணமாகாத நாத்தனார் என்றால் எப்படி நடத்துவார்கள் என்று எனக்குத் தெரியும். நான் அப்படி இல்லை. அவளை ஒரு நிமிஷம்கூடத் தனியாக விடமாட்டேன். மொட்டை மாடிக்குத் துணி உலர்த்தப் போனால் பின்னாலேயே போய்ப் பேச்சுக் கொடுப்பேன். பேப்பரைப் பிரித்தால் எதிரில் உட்கார்ந்து என்ன செய்தி என்று கேட்பேன். நான் வேலையாக இருந்தால் என் பெண்ணை அனுப்புவேன். “போடி, அத்தை பாவம், தனியா உக்காந்திண்டிருக்கா.” சொந்தக்காரர்கள் வந்தால் அக்காவின் காதில் விழும்படியாகவே சொல்வேன்: “அவா தனியா இருக்கோம்னு ஒரு நாளும் நினைக்கப்படாது. அது என் பொறுப்பு.”

அக்கா சிரிப்பாள். அதை நான் நன்றி என்று எடுத்துக்கொண்டேன்.

மயிலாப்பூரில் அறுபத்துமூவர் உற்சவம் வரும்போது எங்கள் வீடு முழுக்கக் கிளம்பிவிடும். அக்கா மட்டும் வரமாட்டாள். ஒரு வருஷம் தெற்கு மாடவீதிக் கூட்டத்தில் என் செருப்பு அறுந்துபோய், மற்றவர்களை விட்டுவிட்டு நான் மட்டும் சீக்கிரம் திரும்பினேன். கதவு வெறுமனே சாத்தியிருந்தது. திறந்தால், அக்கா கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்துகொண்டிருக்கிறாள். டிவி இல்லை, ரேடியோ இல்லை, ஃபேன்கூட இல்லை. வீட்டை விலைக்குப் பார்க்க வந்த பெரிய மனுஷி மாதிரி இருந்தது அந்த நடை. என்னைக் கண்டதும் நின்றுவிட்டாள்.

“செருப்பு அறுந்துடுத்தா?” என்றாள்.

அவ்வளவுதான். கட்டிக்கொண்டிருந்த கையை அவிழ்த்து, போய் மூலை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இவள் ஏதோ ஒளிக்கிறாள் என்று. சமையலறைக்குப் போய்த் தேங்காய் பர்பி டப்பாவைத் திறந்து பார்த்தேன். எல்லாம் இருந்தது. ஒன்றை நானே எடுத்துத் தின்றேன்.

அக்கா ரிடையர் ஆனபோது என் கணவரின் தம்பி சிங்கப்பூரிலிருந்து போன் செய்தார். அக்காவுக்கு ஏதாவது பெரிதாகச் செய்ய வேண்டும், எல்லோரும் கிளம்பி வாருங்கள், இங்கிருந்து கப்பலில் மலேசியா, தாய்லாந்து போய்த் திரும்பலாம் என்றார். அப்போது மந்தைவெளியில் உல்லாசக் கப்பலில் போனவர்கள் யாரும் இல்லை. நான் பால்காரரில் தொடங்கித் தெரு முழுக்கச் செய்தியைச் சொன்னேன். அக்கா மறுக்கப் போகிறாள் என்று என் கணவர் பயந்தார். “கப்பலா? போலாமே” என்று அவள் உடனே தலையாட்டியது எங்கள் எல்லோருக்கும் ஆச்சரியம்.

கப்பலில் எங்களுக்கு ஒரே அறை. சுவரிலிருந்து இழுத்துப் போடும் படுக்கைகள் இரண்டு உட்பட, நாலு பேருக்கும் அதுதான். என் மச்சினர் இரண்டு அறை எடுக்கிறேன் என்றுதான் சொன்னார். எல்லோரும் ஒண்ணா இருந்தால்தானே சந்தோஷம் என்று நான்தான் தடுத்தேன்.

முதல் துறைமுகம் வந்ததும் கோலாலம்பூர் சுற்றிப் பார்க்க பஸ் ஏற்பாடு. நான் விடியற்காலையிலேயே தலைசீவித் தயார். அக்கா படுக்கையில் சாய்ந்தபடி, “நான் கப்பல்லயே இருக்கேன்” என்றாள்.

“கடல் தாண்டி வந்துட்டு கப்பல்லயே உக்காந்திருந்தா ஊர்ல போய் என்னன்னு சொல்லிக்கறது?”

“கப்பல்ல உக்காந்திருந்தேன்னு சொல்லிக்கறேன்.”

நாங்கள் போனோம். கோலாலம்பூரில் நான் பார்த்தது பெரும்பாலும் எங்கள் பஸ்ஸுக்கு முன்னால் நின்ற லாரியின் முதுகு. உயரமான கட்டடம் ஒன்றைக் கைடு காட்டினான். ஜன்னல் பக்கம் என் கணவர் உட்கார்ந்திருந்ததால் எனக்கு அதன் கால்மாடுதான் தெரிந்தது. பிறகு ஒரு சாக்லேட் கடையில் ரொம்ப நேரம் நிறுத்தினார்கள். திரும்பி வந்து, “அடடா, என்ன ஊர், என்ன ஊர்! நீங்க வராம போயிட்டேளே” என்று அக்காவிடம் சொன்னேன். அக்கா குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, என்றைக்கும் இல்லாத தெளிவோடு இருந்தாள்.

அடுத்தது பினாங்கு. அங்கே ஒரு மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். மந்தைவெளியிலிருந்து அத்தனை தூரம் போய் வேப்பிலையும் குங்குமமும் வாங்கிக்கொண்டு வந்தேன். போதாததற்குத் தலைவலித் தைலம் பை நிறைய. வாங்கிய களைப்பில் எனக்கே தலைவலி வந்து, ஒரு புட்டியை வழியிலேயே உடைத்துத் தடவிக்கொண்டேன். அன்று இரவு அக்காவின் பக்கத்துப் படுக்கையில் படுத்தபோது எனக்குள் ஒரு குற்ற உணர்வு. நாம் ஊர் ஊராகச் சுற்றுகிறோம், இவள் அந்நிய தேசத்துக் கப்பலில் நாள் முழுக்க ஒண்டியாக இருக்கிறாளே. நாளை நான் ஒரு தியாகம் செய்வது என்று முடிவெடுத்தேன்.

மறுநாள் புக்கெட். கப்பல் நடுக்கடலில் நங்கூரம் போட்டு நின்றது. சின்னப் படகுகளில் ஆட்களைக் கரைக்குக் கொண்டுபோய் விட்டார்கள். படகுக்குப் போகிற வரிசையில் நின்றுகொண்டு, பின்னால் நின்ற குடும்பத்துக்கும் கேட்கும்படியாக என் கணவரிடம் சொன்னேன்: “நீங்களும் கொழந்தையும் போயிட்டு வாங்கோ. அக்காவுக்குத் துணையா நான் இருக்கேன்.”

என் கணவர் வேண்டாம் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். “அப்படியா? சரி” என்று படகில் ஏறிவிட்டார். என் பெண் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அக்காவைத் தேடிக்கொண்டு மேல்தளத்துக்குப் போனேன். நேற்று வரை உட்கார இடம் பிடிக்கச் சண்டை நடந்த தளம் காலியாகக் கிடந்தது. வரிசையாக வெள்ளை நாற்காலிகள். குழந்தைகள் குளிக்கும் சின்னக் குளத்தின் விளிம்பில், புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகி, தண்ணீரில் காலைத் தொங்கவிட்டு அக்கா உட்கார்ந்திருந்தாள். எனக்குத் தெரிந்து அவள் கணுக்காலை நான் பார்த்ததே இல்லை. தலைமுடியை வேறு அவிழ்த்து விட்டிருந்தாள். தளத்தைத் துடைத்துக்கொண்டு போன கப்பல் பணியாள் ஒருத்தன் அவளுக்கு மட்டும் ஒரு சலாம் வைத்தான். அவளும் ராணி மாதிரி தலையசைத்தாள்.

“அக்கா! நான் போகலை. உங்களோடவே இருந்துட்டேன்.”

அக்காவின் கால் தண்ணீரில் ஆடுவதை நிறுத்தியது.

“ஓ” என்றாள்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆரம்பித்தேன். வேலைக்காரி லீவு எடுப்பது, மாடி வீட்டுக்காரி தண்ணீர் மோட்டாரை அணைக்காமல் விடுவது, என் பெண்ணின் கணக்கு டியூஷன். அக்கா எழுந்து நடந்தாள். நானும் நடந்தேன். பின்பக்கம் நிழலில் ஒரு நாற்காலி கடலைப் பார்த்துத் தனியாகப் போட்டிருந்தது. அதில் உட்கார்ந்தாள். நான் இன்னொன்றை இழுத்துக்கொண்டு வந்து போட்டேன். தரை முழுக்கக் கீச்சென்று சத்தம். பிறகு அவள் ராத்திரி ஆட்டம் பாட்டம் நடக்கும் பெரிய அரங்கத்துக்குள் போனாள். அங்கே ஒரே ஒரு விளக்கு. நூற்றுக்கணக்கான சிவப்பு நாற்காலிகள், ஒருத்தரும் இல்லை. நடு வரிசையில், நட்ட நடுவில் போய் உட்கார்ந்தாள். அத்தனை நாற்காலி கிடக்க, நான் அவளை ஒட்டின நாற்காலியில் உட்கார்ந்து, மச்சினரின் பெண்டாட்டி, என் ஓரகத்தி, சிங்கப்பூரில் எங்களுக்குப் போட்ட காபி எப்படித் தண்ணியாக இருந்தது என்பதை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.

“நீயும் போயிருக்கலாமே” என்றாள் அக்கா, மேடையைப் பார்த்துக்கொண்டு.

“உங்களைத் தனியா விட்டுட்டா? எனக்கு மனசு வருமாக்கா?”

“இந்தக் கப்பல் காலியாறதுக்காகத்தான்டி நான் இதுல ஏறினதே.”

எனக்குப் புரியவில்லை. சிரித்தேன் என்றுகூட நினைக்கிறேன். அக்கா என் பக்கம் திரும்பினாள். கோபம் இல்லை. எக்ஸ்சேஞ்சில் ராங் நம்பர் போட்டவரிடம் விளக்குகிற மாதிரி நிதானமாகச் சொன்னாள்.

“எல்லாரும் இறங்கிப் போயிட்டா எனக்குன்னு ஒரு இடம் கிடைக்கறது. வேன்ல ஆனாலும் சரி, டாக்ஸில ஆனாலும் சரி. இங்க எவ்வளவு பெரிய இடம் பார். நேத்தும் முந்தாநாளும் இது பூரா என்னோடது. இன்னிக்கும் இருக்கும்னு நினைச்சேன்.”

“நான் இடைஞ்சலா இருக்கேனாக்கா?”

இல்லை என்று சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தேன். அக்கா பொய் சொல்லிப் பழகாதவள். யோசித்தாள்.

“இன்னிக்கு இருக்கே” என்றாள்.

எழுந்து வெளியே வந்தேன். கண் தெரியாமல் அழுதுகொண்டே கீழே இறங்கி, கடைசிப் படகு கிளம்புகிற இடத்துக்குப் போய், அதில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். கரையில் போய் இறங்கிய பிறகுதான் உறைத்தது. கையில் சில்லறை கிடையாது. பர்ஸ் என் கணவரிடம். அவர் எந்தப் பக்கம் போனார் என்று தெரியாது. காலில் குளியலறைச் செருப்பு. படகுத்துறையில் ஒரு பெஞ்சு இருந்தது. அதில் உட்கார்ந்தேன். நான் பார்த்த தாய்லாந்து அந்த பெஞ்சுதான்.

எதிரே தூரத்தில் எங்கள் கப்பல் வெள்ளையாக நின்றது. அதன் எந்தத் தளத்தில் அக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கிறாளோ என்று பார்த்தபடி இருந்தேன். முதலில் ஆத்திரம். எத்தனை செய்திருக்கிறேன் இவளுக்கு என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். மொட்டை மாடி, பேப்பர், பெண்ணைத் துணைக்கு அனுப்பியது. எடுக்க எடுக்க, எதிலும் அவளை நான் தனியாக விட்டதே இல்லை என்று தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் ஆத்திரம் போய்விட்டது. அதற்கப்புறம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. அதுதான் முடியவில்லை. பக்கத்தில் தர்பூசணி விற்றுக்கொண்டிருந்த அம்மாளிடம் தமிழிலேயே எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்தேன். அவள் தாய் பாஷையில் ஏதோ சொல்லி, ஒரு துண்டு பழத்தை வெட்டிக் கையில் கொடுத்தாள். வாயை மூடத்தான் கொடுத்திருப்பாள் போல. தின்கிற வரை அமைதியாக இருந்தேன்.

சாயங்காலம் என் கணவரும் பெண்ணும் வந்தார்கள்.

“நீ எங்க இங்க? அக்கா?”

“அக்கா சௌக்கியமா இருக்கா” என்றேன். என் கணவர் என் செருப்பைப் பார்த்தார்.

அறைக்குத் திரும்பியபோது, என் படுக்கையில் ஒரு தட்டில் பழமும் ரொட்டியும் மூடி வைத்திருந்தது. அக்கா முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

சென்னை திரும்பிக் கொஞ்ச நாளில், காபி குடித்துக்கொண்டிருந்த என் கணவரிடம் அக்கா சொன்னாள். அடையாறு இந்திரா நகரில், மாடியில், ஒரு அறையும் சமையலறையும் உள்ள வீடு பார்த்திருக்கிறாளாம். வாடகைக்கு. வர மாசத்திலிருந்து அங்கே இருக்கப் போகிறாளாம்.

என் கணவர் டம்ளரைக் கீழே வைத்தார். முதலில் என்னைத்தான் பார்த்தார். எல்லோரும் என்னைத்தான் பார்க்கப் போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். அப்படியேதான் நடந்தது. நங்கநல்லூரிலிருந்து அவர்கள் பெரியப்பா கிளம்பி வந்து, கூடத்தில் உட்கார்ந்து, “இந்த வயசுல ஒருத்தி ஆத்தை விட்டுப் போறான்னா சும்மா போவாளா?” என்று சமையலறையைப் பார்த்துக் கேட்டார். நான் சமையலறையில் இருந்தேன்.

அக்காதான் பதில் சொன்னாள். “அவ ஒண்ணும் பண்ணலை, பெரியப்பா. ரொம்ப நன்னாப் பாத்துண்டா. எனக்கு அம்பத்தெட்டு ஆயிடுத்து. எனக்குன்னு ஒரு கதவு இருந்ததே இல்லை. சாத்திப் பாக்கணும்னு ஆசையா இருக்கு.”

பெரியப்பாவுக்கு அது விளங்கவில்லை. புக்கெட்டில் பெஞ்சு தேய்த்தவளுக்கு விளங்கியது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, “போகட்டும் பெரியப்பா. நான்தான் பாத்திரமெல்லாம் எடுத்து வெச்சிண்டிருக்கேன்” என்றேன். எடுத்து வைத்திருக்கவில்லை. அன்று ராத்திரிதான் எடுத்து வைத்தேன்.

குடிபோன முதல் வாரமே நான் சாம்பாரோடு போய்விட்டேன். மறுநாள் ரசத்தோடு. அதற்கு அடுத்த நாள் சும்மா. அக்கா கதவைப் பாதி திறந்து, பாத்திரத்தை வாங்கிக்கொண்டு, “இனிமே வெள்ளிக்கிழமை வா” என்றாள். “சாயங்காலம். நானே காபி போடறேன்.” பாதிக் கதவு மறுபடி சாத்திக்கொண்டது. பஸ் ஸ்டாப்பில் நின்று, ஆஸ்பத்திரியில்கூட இதைவிட அதிக நேரம் பார்க்க விடுவார்களே என்று முணுமுணுத்தேன். பக்கத்தில் நின்றவர் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.

வெள்ளிக்கிழமை போனேன். ஜன்னல் ஓரமாக ஒரு நாற்காலி, ஒரு கட்டில், ஒரு ஸ்டூல். புதுசாக ஒரு புடவை உடுத்தியிருந்தாள், மஞ்சளில் பச்சைக் கரை. தானே கடைக்குப் போய் எடுத்தாளாம். காபி போட்டுக் கொடுத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து, அக்கா பேச ஆரம்பித்தாள்.

நான் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது வருஷம் எங்கள் கூடத்தில் இருந்தவள் இவள்தானா? எக்ஸ்சேஞ்ச் கதைகள். சண்டை போட்டுக்கொண்டு ஒரே நாளில் பலமுறை ட்ரங்க் கால் புக் செய்த புருஷன் பெண்டாட்டி, லைன் கிடைக்கும் வரை இவளுக்கே தன் பாட்டைப் பாடிக் காட்டிய மதுரைக்காரர், இவளைக் கல்யாணம் செய்துகொள்கிறேன் என்று போனிலேயே கேட்ட ஒரு விசாகப்பட்டினத்து வியாபாரி. அவர் குரலை அப்படியே செய்து காட்டினாள். எனக்குப் புரை ஏறியது. நடுவில் நான் இரண்டு முறை வாயைத் திறந்தேன். இரண்டு முறையும் அக்கா கையைக் காட்டி, “இரு, சொல்லி முடிச்சுடறேன்” என்றாள்.

இப்படிப் பல வெள்ளிக்கிழமைகள் போயின. விளக்கு வைக்கிற நேரம் வந்தால், “சரி, நீ கிளம்பு” என்பாள் அக்கா. கிளம்பிவிடுவேன். ஒரு நாளும் அவளை இரண்டாம் தடவை சொல்ல வைக்கவில்லை. சொல்வதற்கு முன்னாலேயே எழுந்துகொள்ளக்கூடப் பழகிவிட்டேன். ஒரு வெள்ளிக்கிழமை அப்படித்தான் எழுந்து, பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, “வரேன்க்கா” என்றேன்.

“என்ன அவசரம்? இன்னும் கொஞ்ச நாழி இரேன்” என்றாள் அக்கா.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். மழை இல்லை. தெருவில் பஸ் போய்க்கொண்டுதான் இருந்தது. கரண்டும் இருந்தது. என்னை இருக்கச் சொல்ல ஒரு காரணமும் இல்லை. பையைக் கழற்றிக் கட்டிலில் வைத்தேன்.